குதிகாலின் உரிமையாளர்

பல்கலைக்கழகத்தில் திருட்டு நடக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. ஆகவே படத்திருட்டைத் தடுக்க ஒரு பிரிவு தொடங்கப்பட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு மாணவன், யாரோ எடுத்த ஒரு செருப்பின் படத்தை இணையத்திலிருந்து இறக்கித் தன் ஆய்வேட்டில் ஒட்டிவிட்டான். படத்துக்காரரின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. அன்று துணைவேந்தருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்வார்கள். சூடுகண்ட பூனை பாலைப் பார்த்தால் ஓடும். பல்கலைக்கழகம் அதற்கு ஒருபடி மேலே போய், பசுவையே கட்டிப்போட ஓர் அலுவலகம் திறந்தது.

'பட உரிமை மற்றும் நியாயப் பயன்பாட்டுப் பிரிவு' என்று அதற்குப் பெயர். வாய் வலிக்கும் என்பதால் எல்லோரும் படப் பிரிவு என்றார்கள். மாணவர்கள் எழுதும் கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ படம் என்று ஒன்று இருந்தால் அதில் இந்தப் பிரிவின் முத்திரை விழ வேண்டும். முத்திரைக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் படம் போடுவதையே விட்டுவிட்டார்கள். கட்டடக்கலைத் துறையில் ஒருவன், 'வாசகர் இங்கே ஒரு மாடிப்படியைக் கற்பனை செய்துகொள்க' என்று எழுதியே பட்டம் வாங்கிப் போனான்.

பாப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். காலணி வடிவமைப்புத் துறையில் மேற்படிப்பு. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களின் பாதம் என்னவாகிறது, அவர்களுக்கு எப்படிப்பட்ட செருப்பு வேண்டும் என்பது அவள் ஆய்வு. அதற்குப் பாதங்களின் படம் வேண்டியிருந்தது.

"நெட்டுலேருந்து எதையும் எடுத்துடாத தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். "சொந்தமா எடு. நீயே எடுத்தா ஒரு பயலும் கேள்வி கேக்க முடியாது."

பாப்பா சொந்தமாக எடுத்தாள். எடுத்த விதம்தான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அவள் தங்கியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அண்ணி ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண். அந்தக் கடையில் வாடிக்கையாளர் உட்கார சோபா உண்டு, துணி உட்கார அலமாரி உண்டு, விற்கிறவர்கள் உட்கார மட்டும் எதுவும் கிடையாது. காலையில் போய் நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். பல வருஷமாக நின்று நின்று அண்ணியின் குதிகால் இரண்டும் கோடை ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தன. ஒருமுறை கடைக்கு வந்த ஒரு குழந்தை அதைச் சுட்டிக்காட்டி, "அம்மா, இந்த ஆன்ட்டி கால் உடைஞ்சிருக்கு" என்று உரக்கச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அண்ணி வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் நடப்பாள். யாராவது வந்தால் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வாள். அந்தக் காலைப் பற்றி அவளிடம் யாரும் பேசக் கூடாது. அண்ணன்கூடப் பேசமாட்டான்.

ஒரு சாயங்காலம், வாரவிடுமுறை நாளில், அண்ணி சாக்ஸைக் கழற்றி வெடிப்புக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தவள் அப்படியே குப்புறச் சாய்ந்து தூங்கிப்போனாள். மூடி திறந்த மருந்து ட்யூப் பக்கத்திலேயே கிடந்தது. பாப்பா வாசற்படியில் நின்றாள். கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரியும். தெரிந்ததனால்தான் கேட்கவில்லை. தன் போனின் கேமரா மங்கல் என்று அண்ணனின் போனை எடுத்து வந்து, பூனைபோல் நடந்து, ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முகம் தெரியவில்லை, கால் மட்டும்தான், யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கணுக்காலுக்குக் கீழே, சின்ன வயதில் சைக்கிள் சக்கரத்தில் மாட்டியதால் வந்த பிறைத் தழும்பு ஒன்று இருந்தது. அது பளிச்சென்று தெரிந்தது.

ஆய்வேட்டில் அது ஏழாவது படம். மற்ற ஆறும் செருப்புக்குள் இருந்த கால்கள். அவற்றைப் படப் பிரிவு, காலை மறைத்துவிட்டு வா, செருப்பை மறைத்துவிட்டு வா என்று மாறி மாறிச் சொல்லிக் கடைசியில் வெறும் தரையாக ஆக்கி முத்திரை குத்திவிட்டது. ஏழாவது படத்துக்குப் பிரிவின் இயக்குநரே நேரில் அழைத்தார்.

இயக்குநரின் அறையில் பெரிய அருவிப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அருவிக்குக் குறுக்கே, படம் விற்கும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் மூலைக்கு மூலை மங்கலாக ஓடியது. அதைப் பனிமூட்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

"படம் யார் எடுத்தது?" என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"நான்தான் சார்."

"எதுல எடுத்தீங்க?"

"போன்ல."

"யார் போன்?"

"அண்ணனோடது."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணனோட கருவி. அண்ணன் சார்ஜ் போட்டது. உங்களோடது வெறும் விரல்தான். விரல் வச்சவங்களுக்கெல்லாம் உரிமைன்னா காலிங் பெல் அமுக்கறவங்களுக்கு வீட்டையே எழுதித் தரணும். அண்ணன்கிட்ட ஒப்புதல் வாங்கிட்டு வாங்க."

அடுத்து, 'கால் யாருடையது?' என்று கேட்பார், கேட்டதும் மாட்டிக்கொள்வோம் என்று பாப்பா பயந்தாள். அவர் கேட்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட பிறகு அந்த மூச்சே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணனுக்குக் கையெழுத்து என்பது கூரியர்காரனிடம் போடுவதுதான். "எதுக்குப் பாப்பா?" என்றான். "காலேஜுக்கு" என்றாள். போட்டுக் கொடுத்துவிட்டான். பக்கத்தில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "படிக்கிற பொண்ணுக்கு எவ்வளவு அலைச்சல் பாருங்க" என்று அண்ணனிடம் சொன்னாள். பாப்பா தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த முறை இயக்குநர் பூதக்கண்ணாடியோடு இருந்தார்.

"இந்தப் பூ யார் வரைஞ்சது?"

"எந்தப் பூ சார்?"

"காலுக்கு அடியில. ஊதாப்பூ."

"அது பெட்ஷீட் சார். வாங்கும்போதே அதுல இருந்தது."

"அதைத்தாம்மா கேக்கறேன். எங்கேயோ ஒரு ஓவியன் கண்ணு அவிய உக்காந்து வரைஞ்சிருப்பான். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். அவன் உழைப்பக் கொண்டாந்து குதிகாலுக்குக் கீழ விரிச்சிருக்கீங்க. மனசாட்சி வேண்டாமா?"

மனசாட்சி என்ற சொல் பாப்பாவைச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் பூவுக்காகத்தான் சொன்னார். பெட்ஷீட் கம்பெனிக்கு எழுதினார்கள். இந்தப் பூவை நாங்கள் அச்சடித்ததே இல்லை, எங்கள் பெயரில் வந்த போலிச் சரக்காக இருக்கலாம் என்று பதில் வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. திருட்டுப் பூவின் மேல் கிடக்கும் காலுக்கு முத்திரை குத்தினால் பிரிவின் மானம் என்னாவது? படுக்கை முழுவதையும் கறுப்பாக அடித்துவிட உத்தரவாயிற்று. குதிகால் மட்டும் இருட்டில் மிதந்தது.

"இந்த ட்யூப்பையும் வெட்டிடுங்க" என்றார் இயக்குநர். "மருந்துப் பேரு தெரியுது. அது அவங்க வணிகச் சின்னம்."

பாப்பாவின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. "வேணும்னா இந்தப் படத்தையே எடுத்துடறேன் சார்" என்றாள்.

"எடுக்கலாமே. ஏன் எடுக்கறோம்னு உரிமையாளர் எழுதித் தரணும். உரிமையாளர் யாருன்னுதான் நாம இப்ப விசாரிச்சிட்டிருக்கோம். விசாரணை முடியட்டும், அப்புறம் எடுங்க."

மருந்து ட்யூப் வெட்டுப்பட்டது.

இவ்வளவு செய்தும் உரிமை தீரவில்லை. போன் அண்ணனுடையது, விரல் பாப்பாவுடையது, பூ யாருடையதென்றே தெரியாது. இந்த மாதிரி இடியாப்பச் சிக்கலுக்குத்தான் சட்டத்தில் நியாயப் பயன்பாடு என்று ஒன்று இருக்கிறது என்று இயக்குநர் மூன்றாம் சந்திப்பில் விளக்கினார். வழிகாட்டியும் கூட வந்திருந்தார். நாற்காலி நுனியில் அமர்ந்து, இயக்குநர் மூச்சு விட்டாலும் தலையாட்டினார்.

"ஒரு படைப்ப விமர்சனம் பண்றதுக்காகப் பயன்படுத்தினா தப்பில்ல. அதான் நியாயப் பயன்பாடு. நீங்க விமர்சனம் பண்ணியிருக்கீங்களா?"

பாப்பா படத்தின் கீழே எழுதியிருந்ததைக் காட்டினாள்: 'நீண்ட நேரம் நின்று பணிபுரிபவரின் குதிகாலில் ஏற்பட்ட வெடிப்பு.'

"இது விவரம். விமர்சனம் எங்க?"

"குதிகால என்ன சார் விமர்சனம் பண்றது?"

"குறை சொல்லுங்க. ஒரு சினிமாவப் பாத்தா சொல்றீங்கள்ல? நாகரிகமா, கல்விப்புலத்துக்கு ஏத்த மாதிரித் திட்டணும். திட்டத் திட்டத்தான் நியாயம் கூடும்."

"சார் சொல்றது சரிதான், கொஞ்சம் திட்டிடும்மா" என்றார் வழிகாட்டி.

வீட்டில் மேஜை முன் உட்கார்ந்து பாப்பா 'அழகற்ற' என்று எழுதினாள். இயக்குநர் போதாது என்று திருப்பி அனுப்பினார். 'பார்வைக்கு இனிமையற்ற' என்று எழுதினாள். இது ரசனை சார்ந்தது, பொறுப்பைச் சுட்டவில்லை என்று குறிப்பு வந்தது. கடைசியில், சமர்ப்பிக்கும் நாள் கழுத்தைப் பிடிக்கவும், கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்: 'பார்வைக்கு இனிமையற்றதும், உரியவரால் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கைவிடப்பட்டதுமான குதிகால்.' அடுத்த அறையில் அண்ணி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி நாளைக்கான உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவின் சட்டை ஒன்றையும் தேய்த்து வந்து நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் போனாள்.

"இப்பதான் இது நியாயமா இருக்கு" என்று சொல்லி இயக்குநர் முத்திரை குத்தினார்.

அதோடு முடிந்திருந்தால் பாப்பா அந்த அவமானத்தை உள்ளுக்குள் போட்டு மூடியிருப்பாள். ஆனால் படப் பிரிவுக்கு அது பெருமை தாங்காத வழக்காகிவிட்டது. ஒரே படத்தில் கருவி, பூ, வணிகச் சின்னம், நியாயப் பயன்பாடு என்று நாலு கண்டத்தையும் தாண்டிய மாணவி அதுவரை யாரும் இல்லை. படநேர்மை வாரம் வரப்போகிறது, அதில் பாப்பாவுக்குத்தான் சான்றிதழ் என்று முடிவாயிற்று. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்வைக்கு வைக்க ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள் போலிருக்கிறது என்று போட்டுக் கொடுத்தாள்.

சேதி அண்ணன் காதுக்குப் போய், அங்கிருந்து அண்ணி காதுக்குப் போயிற்று.

"சான்றிதழா! நான் வராம யார் வருவா?" என்றாள் அண்ணி.

"வேண்டாம் அண்ணி, வெறும் பேச்சா இருக்கும். உங்களுக்கு லீவு வேற கிடைக்காது."

"அரை நாள் கேட்டுட்டேன். ஃப்ளோர் மேனேஜர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. வச்சுக்கட்டும். இத்தனை வருஷம் நீ படிக்கிறதத்தான் பாத்தேன், படிச்சு வாங்கறதப் பாக்க வேண்டாமா?"

அண்ணனுக்கு எங்கேயோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. அண்ணி மட்டும் வந்தாள். நல்ல உடுப்பு, புதுச் செருப்பு, வெள்ளைச் சாக்ஸ். பஸ்ஸில் வரும்போது யாரோ இடம் கொடுத்ததற்கு, "எங்க நாத்தனாருக்குப் பரிசு குடுக்கறாங்க" என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள்.

பல்கலைக்கழக வாசலில் இறங்கியதும் பாப்பா திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தாள். அது போய்விட்டிருந்தது.

வாசல் கம்பிவேலியின் அகலத்துக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். கறுப்புப் பின்னணியில், ஆள் உயரத்துக்கு, குதிகால். ஒவ்வொரு வெடிப்பும் கை நுழையும் அளவுக்கு இருந்தது. பிறைத் தழும்பு ஒரு குடை பெரிசு. மேலே 'படநேர்மை வாரம்' என்றும், கீழே 'உரிய அனுமதியுடன்' என்றும் எழுதியிருந்தது. இரண்டு மாணவர்கள் அதன்முன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி நின்றாள். பேனரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். தழும்பில் கண் கொஞ்சம் தங்கியது. பாப்பா அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவள் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றாள் அண்ணி. பிறகு, "உள்ள எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள்.

அரங்கில் மூன்றாம் வரிசையில் அண்ணி உட்கார்ந்தாள். மேடையிலிருந்து பார்த்த பாப்பாவுக்கு அவள் கால்கள் நாற்காலிக்கு அடியில் இழுபட்டுப் பின்னிக்கொள்வது தெரிந்தது. இயக்குநர் பேச எழுந்தார்.

"ஒரு படத்தப் பாக்கும்போது நாம வெறும் படத்தைத்தான் பாக்கறோம். ஆனா ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் ஒரு மனுஷன் இருக்கான்!" என்று அவர் குரலை உயர்த்தினார். "கேமராவப் பிடிச்ச மனுஷன். அவனோட கண்ணீர், அவனோட வேர்வை. அதைக் காப்பாத்தத்தான் இந்தப் பிரிவு. போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார், கேமராவுக்கு முன்னால இருக்கறவங்களுக்கு என்ன பாதுகாப்புன்னு. நான் தெளிவாச் சொன்னேன். முன்னால இருக்கறவங்க எங்க பிரிவுக்குள்ள வரமாட்டாங்க. நாங்க பின்னால மட்டும்தான்."

கைதட்டல். அடுத்து, முன்மாதிரி விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, படத்தின் கீழே இருந்த வாசகத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'உரியவரால் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கைவிடப்பட்டதுமான' என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வதற்காக இரண்டாம் முறையும் வாசித்தார். அரங்கம் கைதட்டியது. அண்ணியும் தட்டினாள். சான்றிதழ் வாங்கும்போது பாப்பா தலை நிமிராததைப் பணிவு என்று இயக்குநர் பாராட்டினார்.

திரும்புகையில் பஸ்ஸில் பாப்பா, "அண்ணி..." என்று இழுத்தாள்.

"தூங்கும்போது எடுத்தியா?"

"ஆமா."

"அன்னிக்கு மருந்து போட்டுக்கிட்டே தூங்கிட்டேன். ட்யூப் பக்கத்துலயே கிடந்திருக்கும்."

"கிடந்தது."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எடுத்ததக்கூட விட்டுடறேன் பாப்பா. கவனிக்காம கைவிட்டதுன்னு எழுதியிருக்கியே. எத்தனை வகை மருந்து போட்டிருப்பேன். வெந்நீர்ல ஊறவச்சு ஊறவச்சு... நீ அந்த வீட்டுலதான இருக்கே?"

பாப்பாவுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பஸ்ஸில் அதற்கும் வழியில்லை.

மறுநாள் காலை அவள் படப் பிரிவின் கதவு திறக்கும் முன்பே போய் நின்றாள். பேனரைக் கழற்ற வேண்டும் என்றாள்.

"அது இப்ப பல்கலைக்கழகத்தோட படைப்பும்மா" என்றார் இயக்குநர். "பெரிசாக்கினது நாங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அந்தக் கால் ஒருத்தரோடது சார். அவங்ககிட்ட நான் கேக்கவே இல்ல."

இத்தனை நாள் தொண்டையில் நின்ற முள் வெளியே வந்துவிட்டது. இடி விழும் என்று எதிர்பார்த்தாள். இயக்குநர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கையேட்டைப் புரட்டினார்.

"குதிகால் ஒரு படைப்பு ஆகாது. யாரும் உக்காந்து உருவாக்கினது கிடையாது. ஆனாலும் நாங்க மனிதாபிமானம் இல்லாதவங்க இல்ல. கால்காரங்க ஆட்சேபிக்கலாம். நேர்ல வந்து, காலக் காட்டி, பேனர்ல இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு குழு சோதிச்சுச் சான்று குடுத்தா, கழட்டறதப் பத்தி யோசிப்போம். இல்லேன்னா நாளைக்கு ஊர்ல இருக்கற ஒவ்வொரு குதிகாலும் வாசல்ல வந்து நிக்கும்."

அண்ணி இந்த அறைக்கு வந்து, சாக்ஸைக் கழற்றி, இந்த அருவிப் படத்தின் கீழே காலைத் தூக்கி வைப்பதைப் பாப்பா நினைத்துப் பார்த்தாள்.

"என்னோடதுதான் சார்" என்றாள்.

"எது?"

"கால். என் கால்தான் அது. நானே எடுத்துக்கிட்டேன்."

குழு கூடியது. இயக்குநர், வழிகாட்டி, உடற்கூறு தெரிந்தவர் வேண்டும் என்று விளையாட்டுத் துறையிலிருந்து பிடித்து வந்த ஒரு கைப்பந்துப் பயிற்சியாளர். மேஜை அழுக்காகாமல் இருக்க ஒரு செய்தித்தாளை விரித்தார்கள். அதில் பத்திரிகைக்காரர் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்ததால் இயக்குநர் அதைத் திருப்பிப் போடச் சொன்னார். மறுபக்கம் வரிவிளம்பரம். பரவாயில்லை என்றார்கள். பாப்பா செருப்பைக் கழற்றி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

மூன்று பேரும் குனிந்தார்கள். பூதக்கண்ணாடி கைமாறியது.

"தழும்பு இல்ல" என்றார் பயிற்சியாளர். பெருவிரலால் குதிகாலை அழுத்திப் பார்த்தார். "பஞ்சு மாதிரி இருக்கு. இந்தப் பொண்ணு ஓடியாடி எதுவும் பண்றதில்ல."

"அவசரத்துல கால மாத்தி வச்சிருப்பாங்களோ?" என்று வழிகாட்டி உதவ முயன்றார். இடது காலையும் வைத்தாள். அதுவும் பஞ்சுதான்.

முடிவை இயக்குநர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல உதவியாளர் தட்டச்சு செய்தார்: 'மனுதாரரின் குதிகால்கள் இரண்டும் வழவழப்பானவை, வெடிப்போ தேய்வோ அற்றவை, பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு உரியவை. பேனரில் உள்ள குதிகாலுக்கும் இவருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.'

முத்திரை குத்தி ஒரு பிரதி கொடுத்தார்கள். அந்தப் பிரிவு அதுவரை கொடுத்த சான்றுகளில் ஒரு பொய்யும் இல்லாதது அது ஒன்றுதான்.

அன்று அண்ணி கடையிலிருந்து வந்ததும் பாப்பா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் தலை குனிந்துகொண்டே போயிற்று. மேஜைமேல் கால் வைத்த கட்டம் வந்தபோது அண்ணி, "செருப்பக் கழட்டிட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"கழட்டிட்டுத்தான்."

"ம்."

பாப்பா எழுந்து அண்ணி எதிரில் போய் நின்றாள். "அண்ணி, அந்தப் படத்த நான் ஆய்வேட்டுல வச்சுக்கலாமா?"

"வேண்டாம்" என்றாள் அண்ணி.

இவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. குரலும் உயரவில்லை. மாசக்கணக்கில் யாருமே கேட்காத கேள்விக்குப் பதில் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்ததுபோல் வந்துவிட்டது.

"சரி அண்ணி" என்றாள் பாப்பா.

அடுத்த நாள் ஏழாவது படத்தைக் கிழித்து எடுத்தாள். காரணம் எழுதும் இடத்தில், 'கேட்டேன், மறுத்துவிட்டார்' என்று எழுதினாள். இப்படியொரு காரணம் கையேட்டில் இல்லை என்று ஆய்வேட்டை நிறுத்தி வைத்தார்கள். பட்டம் ஒரு பருவம் தள்ளிப் போயிற்று. சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வழிகாட்டி அவளைக் கண்டால் மாடிப்படியில் எதிர்ப்பக்கமாக இறங்க ஆரம்பித்தார்.

படநேர்மை வாரம் முடிந்தும் பேனர் வாசலிலேயே இருந்தது. எந்தப் பிரிவு கட்டியதோ அந்தப் பிரிவு கழற்ற வேண்டும். படப் பிரிவோ, கழற்றினால் படைப்பைச் சிதைத்ததாகுமா என்று கருத்துக் கேட்டு மேலே எழுதியிருந்தது.

அண்ணியின் வாரவிடுமுறை வந்தது. "கெளம்பு" என்றாள். எங்கே என்று பாப்பா கேட்கவில்லை.

நட்டநடுப் பகல். வகுப்பு விட்டு மாணவர்கள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணி நேரே பேனரின் ஒரு கோடிக்குப் போய்க் கீழ்முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். பாப்பா மறு கோடிக்கு ஓடினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் ஒடிந்தது. போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கூண்டிலிருந்து காவலாளி இறங்கி வந்தார். "யாரும்மா நீங்க? என்ன பண்றீங்க?"

"கழட்டறோம்" என்றாள் அண்ணி, கையை நிறுத்தாமல்.

"அது தெரியுது. அனுமதி இருக்கா?"

"இருக்கு."

"யார் குடுத்தா?"

"நான்தான்."

காவலாளி இதை யோசித்துப் பார்த்தார். அந்த வாசலில் எல்லோரும் வேறு யாரோ கொடுத்த அனுமதியோடுதான் வருவார்கள். சொந்த அனுமதியோடு வந்த ஆளை அவர் பார்த்ததில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மேல் முடிச்சு எட்டாது. ஏணி எடுத்துட்டு வரேன்" என்றார்.

பேனர் பொத்தென்று விழுந்தது. அதைத் தூசி படாமல் மடிக்கத் தனியாளால் ஆகாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மடிப்புக்கு ஒரு தடவை பாப்பா நடந்து அண்ணி அருகே வர வேண்டியிருந்தது. வரும்போதெல்லாம் தலை தானாகத் தாழ்ந்தது. குதிகால் பாதியாகி, கால்வாசியாகி, கறுப்பு மட்டும் மிஞ்சியது.

"அண்ணி, என்மேல கோவமா?"

"ஆமா" என்றாள் அண்ணி. "அந்த முனையக் கொண்டா."

பாப்பா கொண்டுபோய்க் கொடுத்தாள்.